ஒற்றைப் பட்டனில் பேச்சு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகளுக்கு 14 வயது. பெருமூளை வாதம் (செரிப்ரல் பால்சி). பேச்சு வரவில்லை, கைகளும் அவள் சொன்னபடி கேட்பதில்லை. இடது முழங்காலுக்குப் பக்கத்தில் பொருத்தியிருக்கும் ஒரு பட்டனைத் தட்டித் தட்டி, டேப்லெட் வழியாகத்தான் ஆறு வருடமாகப் பேசுகிறாள். நான் தொழிலால் எலெக்ட்ரீஷியன், தெரபிஸ்ட் இல்லை. அவளுக்குச் செய்து கொடுத்ததைக் கேள்விப்பட்டு வேறு சில வீடுகளிலும் கூப்பிட்டார்கள். போன இடமெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள். போனில் திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

அடாப்டிவ் ஸ்விட்ச் என்கிறார்களே, அது என்ன?

காலிங் பெல் பட்டன் மாதிரிதான். அழுத்தினால் இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று தொடும், விட்டால் பிரியும். அதற்குள் வேறு எந்த வித்தையும் இல்லை. வித்தியாசமெல்லாம் அதன் உருவத்தில். உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும், நடுவில் அழுத்தினாலும் ஓரத்தில் இடித்தாலும் வேலை செய்யும், அழுத்தியதும் 'டக்' என்று விரலுக்கோ காதுக்கோ தெரியும். வயரின் முனையில் பழைய ஹெட்போனில் இருக்கும் அதே 3.5 மி.மீ. பின், மோனோ வகை. உலகம் முழுக்கப் பெரும்பாலும் இந்தப் பின்தான் என்பதால் ஒரு கம்பெனி பட்டனை இன்னொரு கம்பெனி கருவியில் தாராளமாகச் செருகலாம்.

இது புதுச் சரக்கும் அல்ல. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் ரெக் மாலிங் என்பவர், கழுத்துக்குக் கீழே அசைவில்லாதவர்கள் குழாயில் ஊதியும் உறிஞ்சியும் டைப்ரைட்டரை இயக்க ஒரு கருவி செய்தார். அது 1960களின் தொடக்கம். அதற்கு பாஸம் என்று பெயர். லத்தீனில் 'என்னால் முடியும்' என்று அர்த்தமாம்.

யாருக்கு இது தேவைப்படும்?

விரலால் திரையைத் தொட முடிகிறவர்களுக்குத் தேவை இல்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஸ்விட்ச் வழி மெதுவான வழி. கை நடுங்கிப் பக்கத்துப் படத்தைத் தொட்டுவிடுகிறது என்றால் முதலில் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். திரை மேல் ஓட்டை போட்ட அக்ரிலிக் தகடு வைத்துப் பாருங்கள், கீகார்டு என்பார்கள். எவ்வளவு நேரம் தொட்டால் தொட்டதாகக் கணக்கு என்பதையும் செட்டிங்ஸில் மாற்ற முடியும். இவை எதற்கும் அடங்காதபோதுதான் ஸ்விட்ச். பெருமூளை வாதம், தசைச் சிதைவு, மோட்டார் நியூரான் நோய், கழுத்தில் தண்டுவடம் அடிபட்டவர்கள், பக்கவாதத்தில் பேச்சும் கையும் சேர்ந்து போனவர்கள் என்று பலரும் இதில் வருவார்கள்.

பிள்ளைக்கு முதலில் புரிதல் வரட்டும், அப்புறம் கருவி தரலாம் என்கிறார்களே?

எங்களுக்கும் சொன்னார்கள். ஒரு மையத்தில் கிட்டத்தட்ட ஒரு வருடம் சிவப்புக் கட்டையைச் சிவப்புக் கிண்ணத்தோடு சேர்க்கச் சொல்லிப் பயிற்சி. அவளால் கட்டையைப் பிடிக்கவே முடியாது. தெரிந்தும் செய்ய முடியாத பிள்ளைக்கும் தெரியாத பிள்ளைக்கும் அந்தத் தாளில் ஒரே மதிப்பெண்தான். பேசக் கற்ற பிறகுதான் பேச விடுவேன் என்று எந்தத் தாயும் சொல்வதில்லையே. கைக்குழந்தையிடம் ஒரு வருடம் நாமேதான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

என் கணக்கு இது: அழுத்தினால் ஏதோ நடக்கிறது என்று புரிந்துகொள்ள ஒன்றிரண்டு நாள் பொம்மையோ பாட்டோ போதும். அதையே மாதக்கணக்கில் செய்யவைத்தால், பட்டன் என்றாலே குரங்கு பொம்மை தாளம் போடும் என்றுதான் பிள்ளை நினைக்கும். பேச்சுக்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதே தெரியாமல் போகும். சீக்கிரமே பேச்சுக்கு மாறிவிடுங்கள். முதல் பக்கத்தில் கட்டாயம் 'வேண்டாம்' இருக்கட்டும். நல்ல பிள்ளையாக 'தண்ணீர்', 'நன்றி' மட்டும் வைத்துக் கொடுக்கிறார்கள், எதிர்த்துப் பேச ஒரு வார்த்தை கிடையாது. என் மகள் சரளமாக அழுத்திய முதல் வார்த்தையே 'வேண்டாம்'தான். எதிரில் ரவா உப்புமா. தொடர்ந்து பதினொரு தடவை. என் மனைவி எண்ணிக்கொண்டே இருந்தார், அப்புறம் எழுந்து போய் தோசை வார்த்தார்.

உடம்பின் எந்த இடத்தில் பட்டனை வைப்பது?

எல்லாக் கேள்வியிலும் இதுதான் பெரிய கேள்வி. பெரும்பாலான வீடுகளில் பட்டன் அலமாரிக்குப் போவதற்குக் காரணமும் இதுவே. வலது கை முன்னால் மேசையில் வைத்து 'அழுத்து, அழுத்து' என்போம். கைதான் பேச்சுக்கு உரிய உறுப்பு என்று யார் சொன்னது? நாங்களும் எட்டு மாதம் கையோடு மல்லுக்கட்டினோம். கை வியர்த்துப் போகும், தோள் இறுகும், வாய் ஒரு பக்கம் இழுக்கும், கடைசியில் பட்டன் கீழே விழும்.

முழங்காலைக் கண்டுபிடித்தது என் அப்பா. அவர் வேண்டுமென்றே அவளைத் தப்பான பெயரில் கூப்பிட்டுச் சீண்டுவார். ஒவ்வொரு தடவையும் கட்டில் சட்டத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். அவளது இடது முழங்கால் வெளிப்பக்கமாக அகன்று சட்டத்தில் இடிக்கிற சத்தம். கூப்பிட்டால் இடிக்கும், சும்மா இருந்தால் இடிக்காது. வருடக்கணக்காக 'இல்லை தாத்தா' என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள், நாங்கள் கட்டிலைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தோம்.

ஆகவே ஒரு வாரம் பட்டனை எடுக்காதீர்கள். ஒரு நோட்டு வைத்துக்கொண்டு கவனியுங்கள். சிரிக்கும்போது எது அசைகிறது, எரிச்சலில் எது அசைகிறது, உங்களைக் கூப்பிட நினைக்கும்போது எது அசைகிறது? தலையின் பக்கவாட்டு, தாடை, முழங்கை, முழங்கால், கால் கட்டை விரல், புருவம் எல்லாம் தகுதியானவைதான். அந்த அசைவு தானாகத் துள்ளுவதாக இருக்கக்கூடாது, கேட்டால் வரவேண்டும். அதைவிட முக்கியம், வந்த பிறகு திரும்பிப் போகவும் வேண்டும். அழுத்தத் தெரிந்து விடத் தெரியாத இடம் உதவாது. பத்து தடவை செய்த பிறகு முகம் எப்படி இருக்கிறது என்றும் பாருங்கள்.

இன்னொன்று. பெருமூளை வாதம் உள்ள சிலருக்குத் தலையை ஒரு பக்கம் திருப்பினால் அந்தப் பக்கத்துக் கை தானாக நீண்டுவிடும், மறு கை மடங்கும். பச்சைக் குழந்தைகளுக்கு இருந்து சில மாதங்களில் மறைகிற அனிச்சைச் செயல், இவர்களுக்குத் தங்கிவிடுகிறது. டேப்லெட் ஒரு பக்கம், பட்டன் மறு பக்கம் என்று வைத்தால் பார்ப்பதற்குத் திரும்பும்போதே கை ஓடிவிடும். திரையை மூக்குக்கு நேராக வையுங்கள்.

அதற்கும் முன்னால் உட்காரும் விதம். இடுப்பு சறுக்கிக்கொண்டும் பாதம் தொங்கிக்கொண்டும் இருந்தால் இருக்கிற சக்தியெல்லாம் விழாமல் இருப்பதற்கே செலவாகும். இடுப்புப் பட்டை, பாதத்துக்குக் கீழே ஒரு பலகை. இதற்கு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரிடம் ஒருமுறையாவது காட்டிக் கேளுங்கள்.

பட்டன் தினமும் இடம் மாறிவிடுகிறதே, எதில் மாட்டுவது?

விற்கிற தாங்கிகள் விலை அதிகம். நான் பைக்கில் மொபைல் மாட்டும் ஹோல்டரையும் டேபிள் லேம்ப்பின் வளையும் கழுத்தையும் சேர்த்துத்தான் முதலில் செய்தேன். பட்டனுக்கு அடியில் அகலமான வெல்க்ரோ ஒட்டினால் பாதி பிரச்சினை தீரும். எங்கே சரியாக இருந்ததோ அங்கே வீல்சேர் கம்பியில் மஞ்சள் இன்சுலேஷன் டேப் சுற்றி அடையாளம் வையுங்கள். பள்ளி ஆயாவும் அதைப் பார்த்து மாட்டிவிடுவார். இரண்டு விரல் அகலம் தள்ளினாலே பிள்ளை தவறவிடும், நாம் 'இன்றைக்கு மூடு சரியில்லை' என்று சொல்லிக்கொண்டிருப்போம்.

எந்த வகைப் பட்டன் வாங்குவது?

இடம் தெரிந்த பிறகு இது சுலபம். கையாலோ முழங்காலாலோ இடிப்பவர்களுக்குப் பெரிய வட்டப் பட்டன். தலையால் அழுத்துபவர்களுக்குச் சிறியது அல்லது மெத்தை போட்டது. விரலில் மெல்லிய அசைவு மட்டும் இருந்தால் தொட்டாலே வேலை செய்வது. இழுக்க முடிந்தவர்களுக்குக் கயிறு கட்டியது. தள்ளவே பலம் இல்லை என்றால் அருகில் வந்தாலே உணர்கிற சென்சார். ஊதி உறிஞ்சும் குழாய் இன்றும் இருக்கிறது. நிறம் உங்கள் விருப்பம், ஆனால் பார்வை மங்கலான பிள்ளைக்குப் பின்னணியிலிருந்து எடுப்பாகத் தெரியும் நிறமாக இருக்கட்டும்.

அதை டேப்லெட்டில் எப்படி இணைப்பது?

நேராகச் செருகினால் வேலை செய்யாது. நடுவில் ஸ்விட்ச் இன்டர்ஃபேஸ் என்ற சின்னப் பெட்டி வேண்டும். பட்டனின் பின் அதற்குள் போகும், அது ப்ளூடூத்திலோ யூ.எஸ்.பி.யிலோ டேப்லெட்டோடு பேசும். 'நான் ஒரு கீபோர்டு, இப்போது ஸ்பேஸ் அடித்தேன்' என்று டேப்லெட்டை நம்பவைப்பதுதான் அதன் வேலை. இந்தச் சூட்சுமம் தெரிந்தால் பணம் மிச்சம்: ஆண்ட்ராய்டில் பழைய யூ.எஸ்.பி. கீபோர்டை ஓ.டி.ஜி. கேபிளில் (டேப்லெட்டில் யூ.எஸ்.பி. மாட்ட உதவும் சின்ன வயர்) இணைத்து ஸ்பேஸ் பாரையே ஸ்விட்ச்சாக வைக்கலாம். மற்ற எழுத்துகளின் மூடிகளைக் கழற்றிவிடுங்கள். டேப்லெட்டின் வால்யூம் பட்டனைக்கூட ஸ்விட்ச்சாகக் குறிக்கலாம்.

ஐபேடில் செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டி, ஸ்விட்ச் கன்ட்ரோல். 2013இல் ஐ.ஓ.எஸ். 7 வந்ததிலிருந்து உள்ளேயே இருக்கிறது, தனியாக எதுவும் வாங்க வேண்டாம். ஆண்ட்ராய்டில் அதன் பெயர் ஸ்விட்ச் அக்சஸ். அக்சஸிபிலிட்டி பக்கத்தில் தென்படாவிட்டால் ப்ளே ஸ்டோரில் கூகுளுடையது இருக்கிறதா பாருங்கள்.

ஆரம்பிக்கும் முன் ஒரு வேலை. ஐபேடில் அக்சஸிபிலிட்டி ஷார்ட்கட்டில் ஸ்விட்ச் கன்ட்ரோலைச் சேர்த்துவிடுங்கள், மேல் விளிம்புப் பட்டனையோ ஹோம் பட்டனையோ மூன்று முறை அழுத்தினால் அணைந்துவிடும். இதைச் செய்யாமல் முதல் முறை ஆன் செய்துவிட்டு, திரை என் விரலுக்குக் கட்டுப்படாமல் போய் ராத்திரி பதினொரு மணிக்கு முழித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு தலைவலி: இன்டர்ஃபேஸை கீபோர்டு என்று நம்பிய ஐபேட், திரையில் வரும் கீபோர்டை மறைத்துவிடும். பல பெட்டிகளில் அதைத் திரும்ப வரவழைக்கும் சின்ன பட்டன் இருக்கும், கையேட்டில் பாருங்கள்.

ஒரே பட்டனால் திரையில் இருக்கும் இத்தனையில் ஒன்றை எப்படித் தேர்ந்தெடுக்க முடியும்?

ஸ்கேனிங் என்பார்கள். திரையில் ஒரு கட்டம் ஒவ்வொரு படமாக நகர்ந்துகொண்டே போகும். வேண்டிய இடம் வந்ததும் அழுத்தினால் டேப்லெட் அதைப் பேசும். படங்கள் நிறைய இருந்தால் முதலில் வரிசை வரிசையாக நகரும். ஒரு அழுத்தில் வரிசை, இன்னொரு அழுத்தில் அதற்குள் படம்.

ஸ்டீபன் ஹாக்கிங் பேசியதும் இதே முறையில்தான். 1985இல் மூச்சுக்குழாய் அறுவை சிகிச்சையில் குரல் போன பிறகு, கையில் ஒரு கிளிக்கர், திரையில் நகரும் வார்த்தைகள். நிமிடத்துக்கு 15 வார்த்தைகள் வரை வந்ததாம். கை ஓய்ந்த பிறகு கன்னத்தின் அசைவை மூக்குக்கண்ணாடியில் பொருத்திய சென்சார் பிடித்தது, வேகம் நிமிடத்துக்கு ஒரு வார்த்தையாகக்கூட இறங்கியது. அவருக்காக இன்டெல் எழுதிய மென்பொருளை 2015இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். ஏகாட் என்று பெயர், விண்டோஸில் ஓடும்.

கட்டம் தானாக நகரலாம், அல்லது பிள்ளையே நகர்த்தலாம். இரண்டாவதற்கு இரண்டு பட்டன்: ஒன்று 'அடுத்தது', இன்னொன்று 'இதுதான்'. தானாக நகர்வது உடம்புக்கு ஓய்வு, ஆனால் சரியான நொடியில் அழுத்தவேண்டும். பதற்றத்தில் உடம்பு இறுகும் பிள்ளைகளுக்கு அந்த நொடி வரும் நேரம் பார்த்துக் கால் பூட்டிக்கொள்ளும். இரண்டு பட்டனில் அவசரமே இல்லை, அழுத்துவது மட்டும் அதிகம். இரண்டு நம்பகமான அசைவு கிடைத்தால் நான் இரண்டு பட்டனைத்தான் முதலில் சொல்வேன். என் மகளுக்கு ஒன்றுதான் கிடைத்தது.

கட்டம் எவ்வளவு வேகத்தில் நகரவேண்டும்?

கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், நமக்குப் பொறுமை போதாது. சிம்ப்சன், கோஸ்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு எளிய கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். வேண்டிய படத்துக்குக் கட்டம் வந்ததிலிருந்து அழுத்தும்வரை சராசரியாக எத்தனை நொடி என்று பாருங்கள், அதை 0.65ஆல் வகுத்தால் வருவதுதான் கட்டம் ஒவ்வொரு படத்திலும் நிற்கவேண்டிய நேரம். பத்து இருபது முறை மொபைல் ஸ்டாப்வாட்சில் பிடித்தேன், என் மகளுக்கு 1.3 நொடி. வகுத்தால் 2 நொடி. அதுவரை 1 நொடியில் ஓடவிட்டு, 'கவனம் பத்தாது' என்று திட்டிக்கொண்டிருந்தோம். உடம்பு சரியில்லாத நாளில் 3 ஆக்கிவிடுவேன்.

தமிழில் எழுத்துக் கூட்டி எழுத முடியுமா? 247 எழுத்தாயிற்றே?

முடியும். 247ஐயும் திரையில் கொட்டினால்தான் முடியாது. உயிர் 12, மெய் 18, மொத்தம் 30. ஆறு ஆறாக அடுக்கினால் அச்சாக ஐந்து வரிசை: அ முதல் ஊ வரை ஒன்று, எ முதல் ஔ வரை ஒன்று, வல்லினம், மெல்லினம், இடையினம். இலக்கண வகுப்பில் கசடதபற என்று மனப்பாடம் செய்தது இதற்குத்தானோ என்று நினைத்துக்கொண்டேன். ஆய்தத்தை ஓரத்தில் ஒதுக்கிவிடலாம். மெய்யையும் உயிரையும் அடுத்தடுத்துத் தேர்ந்தால் உயிர்மெய். தமிழ் 99 கீபோர்டின் தர்க்கமும் இதுதான்: அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு, அம்மா வந்துவிடும், முதல் ம-வுக்குப் புள்ளி தானாக விழும். அந்த கீபோர்டு ஐபேடில் ஏற்கெனவே இருக்கிறது.

இப்போது என் ஐந்து வரிசைப் பலகையில் அம்மா எழுத ஆகும் நேரத்தைப் பார்ப்போம். அ-வுக்கு முதல் வரிசை, முதல் கட்டம், 2 நகர்வு. ம நான்காம் வரிசையில் ஐந்தாவது, 9 நகர்வு. மறுபடி ம, 9. ஆ-வுக்கு 3. மொத்தம் 23, நகர்வுக்கு 2 நொடி என்றால் 46 நொடி. மெல்லின வரிசையை ங ஞ ண என்று தொடங்காமல் ம ன ந ண ஞ ங என்று மாற்றி வையுங்கள். ம 5 நகர்வில் வந்துவிடும், மொத்தம் 15, அதாவது 30 நொடி. ஒரே ஒரு வரிசையை மாற்றியதில் 16 நொடி மிச்சம். ஙவும் ஞவும் முன்னால் நின்று வழி மறிக்கத் தேவையில்லை, தமிழ் ஐயா கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. மற்ற வரிசைகளையும் உங்கள் பிள்ளை எழுதும் வார்த்தைகளைப் பார்த்து அடுக்குங்கள்.

அம்மா, தண்ணி, வலிக்குது, பாத்ரூம் போன்றவற்றுக்கு எழுத்துக் கூட்டவே விடாதீர்கள். அவை முதல் பக்கத்தில் படமாக, முதல் சில நகர்வுகளுக்குள் இருக்கவேண்டும். எழுத்துப் பலகை, நாம் படம் போட யோசித்தே இராத விஷயத்துக்கு. என் மகள் முதலில் கூட்டி எழுதியது வகுப்புத் தோழி ஒருத்தியின் பட்டப்பெயர். அர்த்தம் கேட்காதீர்கள்.

எந்தச் செயலி நல்லது?

தமிழில் பேசுவதாகவும், ஸ்கேனிங்குக்கு ஒத்துழைப்பதாகவும், வார்த்தைகளை நாமே சேர்க்க முடிவதாகவும் இருக்கவேண்டும். ஆவாஸ் நம் சென்னைக்காரர்கள் செய்தது. அஜித் நாராயணன் தொடங்கிய நிறுவனம், மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான வித்யாசாகர் அமைப்பின் பிள்ளைகளோடு சேர்ந்து உருவாக்கியது, தமிழும் இருக்கிறது. இலவசம் வேண்டுமானால் சிபோர்டு இருக்கிறது, அதற்குள்ளேயே ஸ்கேனிங் உண்டு. எதுவானாலும் பணம் கட்டும் முன் சோதனைக் காலத்தில் உங்கள் பட்டனோடு ஓட்டிப் பாருங்கள். செயலிக்குள் இருக்கும் ஸ்கேனிங், டேப்லெட்டின் ஸ்விட்ச் கன்ட்ரோல் இரண்டையும் ஒன்றாக ஆன் செய்தால் ஒன்றை ஒன்று குழப்பும். ஏதாவது ஒன்றுதான்.

குரலைப் பற்றியும் யோசியுங்கள். எங்கள் வீட்டில் அடிக்கடி வரும் வார்த்தைகளை அவள் வயசுள்ள சித்தி மகள் பேசிப் பதிவு செய்து கொடுத்தாள். செய்தி வாசிக்கிற குரலில் 'போ, எனக்குத் தூக்கம் வருது' என்று கேட்டால் யாருக்கும் உறைக்காது.

பட்டனை வீட்டிலேயே செய்யலாமா?

தாராளமாக. வெளிநாட்டுப் பட்டன் ஒன்று தபால், வரி சேர்த்துப் பல ஆயிரம் ரூபாய். வீட்டில் செய்தால் சில நூறில் முடியும். வீடியோ கேம் மெஷினில் வரும் பெரிய வட்டப் பட்டன், இரண்டு கம்பி, 3.5 மி.மீ. மோனோ பின், எல்லாம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும், மற்ற ஊர்களில் ஆன்லைனில். பட்டனின் இரண்டு காலிலும் கம்பியைப் பற்றவைத்து, மறுமுனையைப் பின்னில் பற்றவைத்தால் வேலை முடிந்தது. மேலே பிளாஸ்டிக் டப்பா மூடியை ஒட்டினால் அகலமாகும், ஓரங்களை உரசிவிடுங்கள். சும்மா சோதித்துப் பார்க்க இரண்டு அட்டையில் அலுமினியம் ஃபாயில் ஒட்டி, நடுவில் ஓட்டை போட்ட ஸ்பாஞ்சு வைத்தாலே ஸ்விட்ச். கனடாவின் மேக்கர்ஸ் மேக்கிங் சேஞ்ச் அமைப்பு 3டி பிரிண்டில் செய்யக்கூடிய வடிவங்களை இலவசமாக வெளியிடுகிறது, பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரி மாணவர்களிடம் கொடுத்தால் ஆர்வமாகச் செய்வார்கள்.

லேப்டாப்புக்கு வேண்டுமென்றால் பழைய மவுஸைத் திறந்து, இடது கிளிக்கின் இரண்டு காலிலிருந்து கம்பி எடுத்து ஒரு சாக்கெட் வையுங்கள். விண்டோஸ் ஆன்-ஸ்கிரீன் கீபோர்டின் ஆப்ஷன்ஸில் 'ஸ்கேன் த்ரூ கீஸ்' என்று இருக்கிறது, மவுஸ் கிளிக்கால் அதை ஓட்டலாம்.

எலெக்ட்ரீஷியனாக ஒன்று சொல்கிறேன். கரண்டில் நேரடியாக ஓடும் மின்விசிறி, காலிங் பெல் எதிலும் இந்தப் பட்டனைச் சேர்க்கவே கூடாது. இது பேட்டரி மட்டத்து மின்சாரத்துக்கு மட்டும்.

ஒரு தடவை அழுத்தினால் மூன்று தடவை பதிவாகிறது. சில நேரம் அழுத்தியும் பதிவாகவே இல்லை.

முதலாவது நடுக்கத்தால். 'இக்னோர் ரிப்பீட்' என்ற அமைப்பில் அரை நொடியிலிருந்து ஆரம்பித்துக் கூட்டிப் பாருங்கள், அந்த நேரத்துக்குள் வரும் இரண்டாவது அழுத்தை டேப்லெட் கண்டுகொள்ளாது. உரசினாலே பதிவாகிறது என்றால் 'ஹோல்ட் டியூரேஷன்' வையுங்கள், கொஞ்ச நேரம் பிடித்தால்தான் ஏற்கும். இரண்டாவது பிரச்சினைக்கு முதல் சந்தேகம் பின் மேல்தான்: முழுக்க உள்ளே போகவில்லை, அல்லது வயர் மடங்கி உள்ளே அறுந்திருக்கிறது. அப்புறம் இன்டர்ஃபேஸின் சார்ஜ். பிள்ளையைச் சந்தேகப்படுவது கடைசியில்.

கண்ணால் இயக்கும் கருவி வந்துவிட்டதே, இனி ஸ்விட்ச் எதற்கு?

சிலருக்கு அது அருமை. 2024இல் ஐ.ஓ.எஸ். 18 வந்தபோது சில ஐபேட், ஐபோன்களில் முன்பக்கக் கேமராவாலேயே கண் அசைவைப் பின்தொடரும் வசதி சேர்ந்தது. ஆண்ட்ராய்டிலும் புன்னகை, புருவம் உயர்த்துதல், வாய் திறத்தல் போன்றவற்றை ஸ்விட்ச்சாக வைக்கலாம். செலவே இல்லாததால் முதலில் இவற்றைத்தான் முயன்று பாருங்கள். ஆனால் தலை ஓயாமல் அசையும் பிள்ளைக்கும், திண்ணை வெயிலிலும், படுத்த நிலையிலும் கண் கருவி திணறும். என் மகளுக்குத் தலை நிற்காது. பட்டனுக்கு வெயிலும் இல்லை, இருட்டும் இல்லை.

கரண்ட் இல்லை, சார்ஜ் இல்லை என்றால்?

அட்டையில் எழுதிய அதே ஐந்து வரிசை. நீங்கள்தான் டேப்லெட். 'உயிரா? வல்லினமா? மெல்லினமா?' என்று விரல் வைத்து நிதானமாகக் கேளுங்கள், முழங்கால் அசைந்தால் நிறுத்தி அந்த வரிசையைப் படியுங்கள். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை, பட்டன் வாங்கும் முன்னாலேயே இன்றைக்கே தொடங்கலாம். வார்த்தையை நடுவில் ஊகித்து முடிக்காதீர்கள் என்பது மட்டும் விதி. நான் இன்றும் மீறுகிறேன், அவள் முறைப்பாள்.

அரசு உதவி கிடைக்குமா? யாரைப் போய்ப் பார்ப்பது?

யூ.டி.ஐ.டி. அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை இல்லையென்றால் முதலில் அதை எடுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் உபகரண உதவி கேட்டு எழுதிக் கொடுங்கள். சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி என்றால் உடனே புரியும், 'பேசுவதற்குப் பட்டன்' என்றால் விழிப்பார்கள், படம் எடுத்துப் போங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் தொடர்பு என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே பேச்சுக்கு மாற்றான முறைகளும் அடங்கும். பள்ளியில் 'டேப்லெட் கொண்டுவரக் கூடாது' என்றால் இதைச் சொல்லுங்கள். முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது, சென்னையில் வித்யாசாகர் 1985 முதல் இயங்குகிறது. உங்கள் ஊரில் பேச்சுப் பயிற்சியாளர் கிடைத்தால், 'இதற்கு முன் ஸ்விட்ச் வைத்துப் பேசும் பிள்ளையோடு வேலை செய்திருக்கிறீர்களா' என்று நேராகக் கேட்டுவிடுங்கள். இல்லை என்றாலும் பரவாயில்லை, கற்றுக்கொள்கிறேன் என்கிறாரா என்று பாருங்கள்.

வெளியே, விசேஷங்களுக்குப் போகும்போது?

பவர் பேங்க், மடித்த எழுத்து அட்டை, உபரி வயர், வெல்க்ரோ. சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கரும் எடுத்துப் போங்கள், மண்டபத்து நாதஸ்வரத்துக்கு முன்னால் டேப்லெட் சத்தம் எடுபடாது.

போன தை மாதம் ஒரு கல்யாணத்தில் என் அத்தை வந்து 'நல்லா இருக்கியா கண்ணு?' என்று கேட்டார். கட்டம் நகர்ந்து நகர்ந்து சரியான வரிசைக்கு வருவதற்குள் அவர் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார். மகள் அழுத்தினாள். டேப்லெட் காலி நாற்காலியிடம் பதில் சொன்னது. அன்று ராத்திரியே முதல் பக்கத்தின் முதல் கட்டத்தை மாற்றினோம். இப்போது அதில் சித்தி மகளின் குரலில் இருப்பது: 'பதில் சொல்லிட்டிருக்கேன், அங்கேயே நில்லுங்க.'